ஒற்றைப் படி ஏணி

இருபத்தோரு வருசமாகச் சூடுதான் என் சம்பளம்.
வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனி,
அயர்னிங் டேபிள் நாலாம் நம்பர்.
துணியைத் தொட்டாலே சொல்லுவேன்
காட்டனா, கலப்பா, எவ்வளவு சூடு தாங்கும் என்று.
ஒரு தடவைகூடக் கை சுடாத மாஸ்டர்
என்று பேர் இருந்தது,
போன புரட்டாசி வரைக்கும்.

முதலாளி கெஸ்ட் ஹவுஸைக் காலி செய்தபோது
கரண்ட் அடுப்பு ஆறாயிரத்துக்கு வந்தது.
கறுப்புக் கண்ணாடி, நாலு வட்டம்.
சுடர் இல்லை, சத்தம் இல்லை,
ஊதி அணைக்க ஒன்றுமே இல்லை.
வயர்மேன் செங்காளியப்பன்
மீட்டரிலிருந்தே தனி ஒயர் இழுத்தான்.
"கிரைண்டர் பிளக்குல இதைச் சொருகுனீங்கன்னா
அடுத்த தடவை நான் வேலைக்கு வரமாட்டேனுங்,
துக்கத்துக்குத்தான் வருவேன்."
எர்த்துக்குக் குழி தோண்டி
கரியும் உப்பும் கொட்டி
ஒரு குடம் தண்ணீரும் ஊற்றினான்.
பூசை மாதிரி இருந்தது.
தட்சிணை எண்ணூறு, டீ தனி.

அணைத்ததும் வட்டத்தின் சிவப்பு
சட்டென்று கறுத்துப்போகும்.
ஓரத்தில் ஓர் எழுத்து மட்டும் மினுங்கும்.
"எச்சுப்பா. இன்னும் சுடுதுன்னு அர்த்தம்"
என்றாள் தர்ஷிகா.
வஞ்சிக்கொடி குனிந்து பார்த்தாள்.
"ஏணியாட்ட இருக்குதுங். ஒரே ஒரு படி."
அன்றிலிருந்து அது ஏணி.

அந்த ஞாயிற்றுக்கிழமை பொழுதோட,
அரிசிம்பருப்புக் குக்கரை இறக்கி வைத்துவிட்டு
பிடிதுணியை வட்டத்தின் மேலேயே போட்டிருக்கிறாள்.
துணி நான் கொண்டுவந்தது,
வேஸ்ட் மூட்டையில் பொறுக்கிய
நீலக் கழுத்து ரிப்.

டிவி முன்னால் இருந்தேன்.
என் மூக்குதான் முதலில் எழுந்தது.
காட்டன் கருகினால் காகிதம் மாதிரி நாறும்.
இது இனித்தது.
"பாலியஸ்டர்!" என்று கத்திக்கொண்டு ஓடினேன்,
திருடனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவன் போல.

அவள் கையில் சொம்புத் தண்ணீர்.
மணிக்கட்டைப் பிடித்தேன்.
"ஊத்தாதே! மெயினை எறக்கு."
இறக்கினாள். வீடு இருண்டது.
நீல விளிம்பில் அப்போதுதான் நாக்கு நீட்டிய தீயை
ஒரு போசியைக் கவிழ்த்து மூடினேன்.
அப்பாடா என்று
மறு கையைப் பக்கத்தில் ஊன்றினேன்.

அங்கேதான் அதுவரை ரசம் கொதித்திருந்தது.
ஏணி அதிலும் எரிந்துகொண்டிருந்திருக்கும்;
மெயினோடு அதுவும் அணைந்துவிட்டது.
சூடு அணையவில்லை.

இருபது நிமிசம் குழாயடியில் கை.
மேல்வீட்டுக்காரர் பேஸ்ட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்,
அவர் மச்சினி இட்லி மாவு என்றாள்.
வஞ்சிக்கொடி இருவரையும் வாசலோடு அனுப்பிவிட்டு
குழாயை மட்டும் மூடவிடவில்லை.

பதினாறு நாள் அயர்ன் தொடவில்லை.
செக்கிங் டேபிளில் உட்கார்ந்து
நூல் பிசிறு வெட்டினேன்.
மொத்த கம்பெனிக்கும் நான்தான் சிரிப்பு.
பிடிதுணிக்கு இப்போது
பழைய காட்டன் வேட்டி, ஆணியில் தொங்குகிறது,
அடுப்புக்கு ஒரு முழம் தள்ளி.
கண்ணாடியில் நீலக் கறை போகவே இல்லை.
ஒரு கழுத்து வளைவு. எம் சைஸ்.

ஒரு வார்த்தையும் வீட்டில் மிச்சமாயிற்று.
மேனேஜர் கத்தி அனுப்பிய நாளில்
செருப்பைக்கூடக் கழற்றாமல் நான் உட்கார்ந்தால்
மகளிடம் அவள் சொல்கிறாள்:
"அப்பனுக்கு ஏணி எரியுது,
சித்தெ நேரம் அக்கட்டால இரு கண்ணு."

அவளுக்கும் சூடு ஏறுவதுண்டு.
ஆனால் அவள் மெயினையே இறக்கிவிடுகிறவள்,
முகத்தில் ஒன்றும் மினுங்காது.
அந்த ராத்திரிகளில்
நானே எழுந்து போசி, வட்டல் எல்லாம் கழுவுகிறேன்,
ஒரு முழம் தள்ளி நின்று.